பீகிங் கைகுலுக்கல், 1972: படத்தில் வராத வழி

படத்தில் இருப்பவை கொஞ்சம்தான். விமானத்தின் படிக்கட்டு. அதன் அடியில் கருநிற மேலங்கி போட்ட இரண்டு பேர். இருவர் தலையிலும் தொப்பி இல்லை. இறங்கி வந்தவர் கையை நன்றாக நீட்டியிருக்கிறார், நின்றிருந்தவர் அதைப் பற்றியிருக்கிறார். இறங்கியவருக்குப் பின்னால் சிவப்பு மேலங்கியில் அவருடைய மனைவி. 1972 பிப்ரவரி 21, திங்கட்கிழமை, பீகிங் (இன்றைய பெய்ஜிங்) விமானநிலையம். அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனும் சீனப் பிரதமர் சூ என்லாயும் முதன்முதலாகக் கைகுலுக்கிய நேரம் அது. 1949இல் சீனத்தில் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக்கு வந்ததிலிருந்து இரண்டு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவு கிடையாது. கொரியப் போரில் இரண்டின் படைகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டவை. பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் மக்கள் சீனத்தில் முதன்முதலாகக் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

பனிப்போர் பாடம் வரும் இடத்தில் எல்லாம் இந்தப் படமும் வரும். பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இந்தத் தேதியை மனப்பாடம் செய்துவிட்டு, "அண்ணாச்சி, அமெரிக்காக்காரனும் சீனாக்காரனும் கை குடுத்ததுல நமக்கு என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாடநூல்கள் அந்தக் கைகுலுக்கலை ஒரு தொடக்கமாகக் காட்டுகின்றன. எனக்கு அது ஒரு பாதையின் கடைசிப் படியாகத் தெரிகிறது. அந்தப் பாதை நம் அண்டை வீட்டு முற்றத்தின் வழியாகப் போனது. வழியில் லட்சக்கணக்கானவர்கள் விலை கொடுத்தார்கள். அந்த விலையில் ஒரு சிறு பங்கு நெல்லைச் சீமையின் தபால்பெட்டி வரைக்கும் வந்தது.

முதலில் படம் எப்படி அமைந்தது என்று பார்ப்போம். அதில் தற்செயல் என்று சொல்ல அதிகம் இல்லை.

விமானம் இறங்கியபோது பீகிங்கில் காலை 11:30. வாஷிங்டனில் அது முந்தைய நாள், ஞாயிறு இரவு 10:30. அமெரிக்கக் குடும்பங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் வேளை. அந்த ஆண்டு நவம்பரில் அதிபர் தேர்தல். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாக்கெடுப்பு நியூ ஹாம்ப்ஷயரில் மார்ச் 7ஆம் தேதி, அதாவது இரண்டு வாரத்தில். ஹவாய், குவாம், ஷாங்காய் என்று நின்று நின்று வந்தது அந்த விமானம். ஷாங்காயில் சீன வழிகாட்டி ஒருவர் ஏறிக்கொண்டார். படங்களை உடனுக்குடன் கடல் கடந்து அனுப்பச் செயற்கைக்கோள் தரைநிலையம் முன்கூட்டியே வந்து தயாராக நின்றது. வேறு எந்த நாட்டுப் பயணத்துக்கும் இவ்வளவு பெரிய தொலைக்காட்சி ஏற்பாடு அதுவரை நடந்ததில்லை என்றுகூடச் சொல்லலாம்.

படிக்கட்டில் நிக்சனும் அவர் மனைவி பேட்டும் மட்டும் இறங்கியதும் ஏற்பாடுதான். அதே விமானத்தில் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ராஜர்ஸ் இருந்தார். இந்தப் பயணத்துக்கே வழி போட்ட பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிசிஞ்சரும் இருந்தார். கைகுலுக்கல் முடியும்வரை யாரும் பின்னால் வந்து படத்துக்குள் நுழைந்துவிடக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். அதற்காக வாட்டசாட்டமான உதவியாளர் ஒருவர் விமானத்துக்குள் நடைபாதையை மறித்துக்கொண்டு நின்றார். கிசிஞ்சரே இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

நம் பக்கத்தில் தலைவர்கள் வந்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும். வாகைகுளம் விமானநிலையமோ நெல்லை சந்திப்போ, தலைவர் கால் வைத்ததும் மாவட்டம், நகரம், ஒன்றியம், கிளை என்று எல்லாப் பொறுப்பாளரும் சால்வையோடு நெருக்குவார்கள். மறுநாள் பேப்பரில் தலைவரின் தோளுக்குப் பக்கத்தில் யார் முகம் இருக்கிறது என்பதைப் பார்த்தே கட்சிக்குள் யாருக்குக் காற்று வீசுகிறது என்று கணக்குப் போடுவார்கள். பீகிங்கில் நடந்ததும் இதே கணக்குதான். பக்கத்தில் எவரும் இல்லாமல் தான் ஒருவரே தெரிய வேண்டும் என்பது நிக்சனின் தேவை. ஒருவர் படத்தில் இருப்பதற்கு இருக்கிற அதே பொருள், ஒருவர் இல்லாமல் போவதற்கும் உண்டு.

சீனத் தரப்பும் தன் பங்குக்கு அந்த இடத்தை வெறுமையாகவே வைத்திருந்தது. மற்ற நாட்டுத் தலைவர்கள் வரும்போது பூங்கொத்தோடு குழந்தைகளும், கொடியசைக்கும் கூட்டமும் அங்கே வழக்கம். அன்றைக்கு அணிவகுப்பு வீரர்கள், இரு நாட்டுக் கொடிகள், இரு நாட்டுப் பண்கள், அவ்வளவுதான். மக்கள் கூட்டம் இல்லை. விருந்தாளியை மதிக்கிறோம், ஆனால் அவர் வந்ததற்காக நாங்கள் கூத்தாடவில்லை என்று தன் மக்களுக்கும் உலகத்துக்கும் சொல்லும் முறை அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நேற்று வரை ஏகாதிபத்தியத்தின் தலைமைப் பீடம் என்று சொல்லி வந்த நாட்டின் அதிபரை வேறு எப்படித்தான் வரவேற்க முடியும்?

நீண்ட அந்தக் கைக்கும் ஒரு முன்கதை உண்டு. 1954இல் ஜெனீவாவில் இந்தோசீனச் சிக்கல் பற்றிய மாநாடு நடந்தது. அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், சூ என்லாயோடு கைகுலுக்க மறுத்தார் என்று சொல்லப்படுவதுண்டு. சூ அதை மறக்கவில்லை என்பது நிக்சனுக்குத் தெரியும். ஆகவேதான் கடைசிப் படியை விட்டு இறங்கியதும் தானே முந்திக்கொண்டு கையை நீட்டினார். படத்தில் அந்தக் கை அவ்வளவு தெளிவாக நீண்டிருப்பதற்கு இதுவே காரணம். காரில் நகருக்குள் போகும்போது, உலகின் மிகப் பரந்த கடலைத் தாண்டி உங்கள் கை வந்திருக்கிறது, 25 ஆண்டுகள் பேச்சே இல்லாத கடல் அது என்ற பொருளில் சூ சொன்னதாக நிக்சன் பதிவு செய்திருக்கிறார்.

அன்று பிற்பகலே சீனக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் மாவோவைச் சந்திக்க நிக்சன் அழைக்கப்பட்டார். வெளியுறவு அமைச்சர் ராஜர்ஸைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கிசிஞ்சர் போனார், குறிப்பெடுக்க அவருடைய இளம் உதவியாளர் வின்ஸ்டன் லார்டும் போனார். வெளியுறவு அமைச்சருக்குக் கிடைக்காத இடம் ஓர் உதவியாளருக்குக் கிடைத்தது என்று தெரிந்தால் ராஜர்ஸுக்குப் பெருத்த அவமானம். எனவே வெளியிடும் படங்களில் லார்டு இருக்கக்கூடாது என்று அமெரிக்கத் தரப்பே சீனர்களிடம் கேட்டுக்கொண்டது. படத்தின் ஓரம் வெட்டப்பட்டது. லார்டு அங்கே இருந்தார் என்று உலகத்துக்குத் தெரியாது. வெட்டாத படத்தைச் சீனர்கள் பிற்பாடு அவருக்குக் கொடுத்தார்கள். 1985இல் அதே லார்டு சீனத்துக்கான அமெரிக்கத் தூதராகவே போய்ச் சேர்ந்தார்.

வெட்டப்பட்ட ஓரத்தை ஒட்டிவிடலாம். ஆனால் எந்தக் கேமராவும் எடுக்காத பகுதி ஒன்று இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

இரண்டு நாடுகளும் நெருங்குவதற்குக் காரணம் பலமாகவே இருந்தது. சீனமும் சோவியத் ஒன்றியமும் சித்தாந்தச் சண்டையில் தொடங்கி, 1969 மார்ச்சில் உசூரி ஆற்றங்கரையில் துப்பாக்கிச் சண்டை வரை வந்துவிட்டன. நிக்சனுக்கு வியட்நாமிலிருந்து கௌரவமாக வெளியேற வேண்டும். சோவியத்தோடு பேரம் பேசும்போது கையில் ஒரு துருப்பும் வேண்டும். 1971 ஏப்ரலில் அமெரிக்க மேசைப்பந்து வீரர்களைச் சீனம் அழைத்தது உலகத்துக்குத் தெரிந்த அறிகுறி. அதற்கு முன்பே கமுக்கமாகக் கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்தன.

தூதரகமே இல்லாத நாட்டுக்குக் கடிதம் எப்படிப் போகும்? பாகிஸ்தான் வழியாகப் போனது. 1969 ஆகஸ்டில் லாகூர் வந்த நிக்சன், அங்கே அதிபராக இருந்த ஜெனரல் யாஹ்யா கானிடம் சீனாவோடு பேச விரும்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். 1970இல் யாஹ்யா வெள்ளை மாளிகைக்கும் போனார், பீகிங்குக்கும் போனார். முகவரி அச்சிடாத, கையெழுத்து இல்லாத தாள்களில் தட்டச்சு செய்த செய்திகளை வாஷிங்டனில் இருந்த பாகிஸ்தான் தூதர் கொண்டுவந்து கொடுப்பார், பதிலை வாங்கிப் போவார். ருமேனியா வழியாகவும் ஒரு தடம் இருந்தது. ஆனால் கனிந்தது பாகிஸ்தான் தடம்தான்.

1971 ஜூலை தொடக்கத்தில் கிசிஞ்சர் ஆசியப் பயணம் புறப்பட்டார். டெல்லிக்கு வந்து இந்திரா காந்தியைச் சந்தித்தார். பிறகு பாகிஸ்தான் போனார். அங்கே அவருக்கு வயிற்றுக் கோளாறு, நதியாகலி மலையில் ஓய்வெடுக்கிறார் என்று செய்தி கசியவிடப்பட்டது. ஜூலை 9 விடியற்காலையில் ராவல்பிண்டியின் சக்லாலா விமானநிலையத்தில் பாகிஸ்தான் விமானம் ஒன்றில் ஏறி அவர் பீகிங் போனார். 11ஆம் தேதி திரும்பிவிட்டார். நிருபர்கள் படையும் செயற்கைக்கோளும் இல்லாத பயணம் அது. ஜூலை 15 அன்று நிக்சன் தொலைக்காட்சியில் அறிவித்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. என்னைக் கேட்டால் உண்மையான வருகை அந்த ஜூலை மாதத்துப் பயணம்தான். பிப்ரவரியில் நடந்தது அதன் பொது அறிவிப்பு.

அந்த மாதங்களில் பாகிஸ்தானின் கிழக்குப் பகுதியில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1970 டிசம்பர்த் தேர்தலில் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் பாகிஸ்தான் முழுமைக்குமே பெரும்பான்மை பெற்றது. ஆட்சியைத் தர மறுத்த யாஹ்யாவின் ராணுவம் 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் இறங்கியது. மாணவர்கள், ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், சேரி மக்கள் கொல்லப்பட்டார்கள். இந்துக்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத்தூதர் ஆர்ச்சர் பிளட் இதை நாள்தோறும் வாஷிங்டனுக்கு எழுதினார். பயன் இல்லாமல் போகவே, ஏப்ரல் 6 அன்று அங்கிருந்த அமெரிக்க அலுவலர்கள் 20 பேர் கையெழுத்திட்ட கண்டனத் தந்தி ஒன்று போனது. நம் அரசு ஜனநாயகம் நசுக்கப்படுவதைக் கண்டிக்கத் தவறிவிட்டது என்று தங்கள் அரசுக்கே எழுதினார்கள். பிளட் அங்கிருந்து மாற்றப்பட்டார். பதவியில் உயர்ந்திருக்க வேண்டிய ஒரு மனிதர் மனசாட்சிக்காக அதை இழந்தார். அவர் பெயரைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 28 அன்று பாகிஸ்தானை என்ன செய்வது என்று மூன்று வழிகள் எழுதிய குறிப்பு நிக்சன் மேசைக்கு வந்தது. அதன் அடியில் அவர் தன் கையாலேயே எழுதினார்: இப்போது யாஹ்யாவை நெருக்க வேண்டாம், எல்லாருக்கும் இதுதான் உத்தரவு. 'வேண்டாம்' என்பதை அழுத்தி அடிக்கோடிட்டிருந்தார். சீனக் கதவின் சாவி யாஹ்யா கையில் இருந்த மாதங்கள் அவை. ஆகஸ்ட் 7 அன்று யாஹ்யாவுக்கு நிக்சன் தன் கைப்பட ஒரு நன்றிக் கடிதமும் எழுதினார். வருங்காலத் தலைமுறைகளில் அமைதியான உலகத்தை விரும்புகிறவர்கள் என்றைக்கும் உங்களுக்குக் கடன்பட்டிருப்பார்கள் என்பது அதன் சாரம். அந்த நாட்களில் அகதிகள் எல்லை தாண்டி வந்துகொண்டே இருந்தார்கள். மேற்கு வங்காளம், திரிபுரா, அசாம், மேகாலயா என்று மொத்தம் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்து சேர்ந்தார்கள்.

நெல்லைச் சீமையின் வீடுகளுக்குள் இந்தச் செய்தி ஒரு தபால்தலையாக வந்தது. அகதிகளைக் காப்பாற்றும் செலவுக்காக இந்திய அரசு 1971 நவம்பர் 15 முதல் தபால் மேல் 5 பைசா கூடுதல் வரி போட்டது. முதலில் குடும்பக் கட்டுப்பாட்டுத் தபால்தலையின் மேலேயே 'அகதிகள் நிவாரணம்' என்ற பொருள்பட இந்தியிலும் ஆங்கிலத்திலும் முத்திரை அச்சிட்டு வெளியிட்டார்கள். பிறகு அகதிகளின் உருவம் போட்ட தனித் தபால்தலையே வந்தது. 1973 மார்ச் வரை இது நீடித்தது. நம் ஊர்களிலிருந்து பம்பாய் தாராவிக்கும் கல்கத்தாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். அந்தக் காலத்தில் அவர்களுக்கும் வீட்டுக்கும் இடையே பேச்சு முழுக்கக் கடிதம்தான். பழைய கடிதக் கட்டுகளைப் பரணில் வைத்திருக்கிறவர்கள் எடுத்துப் பார்க்கலாம், அந்தச் சின்னத் தலை ஒட்டியிருக்கும். ஐந்து பைசா பெரிய காசு இல்லைதான். ஆனால் பாபநாசத்துக் கடிதமும் திசையன்விளைக் கடிதமும் அந்த ஐந்து பைசாவைக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் தாண்டின. கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு யாஹ்யாவை யாரும் நெருக்காததற்குக் காரணம் தெரிந்திருக்கும்?

டெல்லிக்குத் தெரிந்திருந்தது. ஜூலை 15 அறிவிப்பைக் கேட்டதும் இந்திய அரசுக்குக் கணக்கு விளங்கிவிட்டது: அமெரிக்கா, பாகிஸ்தான், சீனம் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. 1962 சீனப் போரின் காயம் பட்டு ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆகஸ்ட் 9 அன்று டெல்லியில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங்கும் சோவியத் வெளியுறவு அமைச்சர் குரோமிகோவும் நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். யாஹ்யாவுக்கு நிக்சன் நன்றிக் கடிதம் எழுதி இரண்டே நாள் கழித்து. ஒப்பந்தப் பேச்சு அதற்கு முன்பிருந்தே நடந்து வந்தது. ஆனால் அந்த ஜூலை மாதம் அதை அவசரமாக்கியது என்பதில் சந்தேகமில்லை.

நவம்பரில் இந்திரா வாஷிங்டன் போனார். பேச்சு கசப்பில் முடிந்தது. அவர் போன பிறகு நிக்சனும் கிசிஞ்சரும் அவரைப் பற்றியும் இந்தியர்களைப் பற்றியும் பேசிக்கொண்ட சொற்கள் வெள்ளை மாளிகையின் ஒலிநாடாக்களில் பதிவாகி, பல ஆண்டுகள் கழித்து வெளியே வந்தன. அவற்றை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

டிசம்பர் 3 அன்று இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர். டிசம்பர் 10 அன்று நியூயார்க்கில் கிசிஞ்சர் சீனத் தூதர் ஹுவாங் ஹுவாவைச் சந்தித்து, சீனம் இந்திய எல்லையில் படையை நகர்த்தினால் அமெரிக்கா எதிர்க்காது என்று உணர்த்தினார். எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தலைமையில் அமெரிக்கக் கப்பற்படைப் பிரிவு ஒன்று மலாக்கா நீரிணை வழியாக வங்கக்கடலுக்குள் வந்தது. சீனம் அசையவில்லை. ஐ.நா. பாதுகாப்பு அவையில் சோவியத் ஒன்றியம் தன் தடுப்பு வாக்கால் இந்தியாவுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஏறத்தாழ 93,000 பேர் போர்க்கைதிகள். வங்கதேசம் பிறந்தது.

இந்த இடத்தில் இன்னொரு விமானநிலையப் படத்தையும் எடுத்து வைக்கிறேன். 1972 ஜனவரி 10, டெல்லி பாலம் விமானநிலையம். பாகிஸ்தான் சிறையிலிருந்து விடுதலையான முஜிபுர் ரஹ்மான் லண்டன் வழியாகப் பிரிட்டிஷ் விமானப்படையின் விமானத்தில் வந்து இறங்குகிறார். குடியரசுத் தலைவர் வி. வி. கிரியும் பிரதமர் இந்திராவும் வரவேற்கிறார்கள். சிறைவாசம் முகத்தில் தெரிகிறது, உடல் இளைத்திருக்கிறது. அன்றைக்கே அவர் டாக்கா போகிறார். அங்கே விமானநிலையத்திலிருந்து குதிரைப் பந்தய மைதானம் வரை மனித வெள்ளம். அதற்குச் சரியாக ஆறு வாரம் கழித்து எடுத்ததுதான் பீகிங் படம். ஒன்றில் கூட்டம் கட்டுக்கு அடங்கவில்லை. மற்றதில் கூட்டமே இல்லை. உலகப் பாடநூல்களுக்கு இரண்டாவது படம் போதுமானதாக இருக்கலாம். இந்தியத் துணைக்கண்டத்தில் இருக்கிற பிள்ளைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாவிட்டால் எதுவும் விளங்காது. முதல் படத்தில் இருப்பவர் உயிரோடு திரும்பியதும், இரண்டாவது படத்தில் இருப்பவர் பீகிங் போய்ச் சேர்ந்ததும், ஒரே ஆண்டில் ஒரே மனிதரைச் சுற்றி நடந்தவை. யாஹ்யா கான் இரண்டு படத்திலும் இல்லை. பீகிங் படம் எடுத்த நாளில் அவர் பதவியிலும் இல்லை.

பீகிங்கில் தொடங்கிய பேச்சு பிப்ரவரி 27 அன்று ஷாங்காய் கூட்டறிக்கையாக முடிந்தது. தைவான் பற்றிய அதன் வரிகளை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே அறிக்கையில் நம்மைப் பற்றியும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் படைகளைத் தத்தம் எல்லைக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று சீனம் தன் பகுதியில் சொன்னது. பாகிஸ்தானுக்கு உறுதியான ஆதரவு, ஜம்மு காஷ்மீர் மக்களின் சுயநிர்ணய உரிமைக்கும் ஆதரவு என்று எழுதியது. தெற்காசிய மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே அமைத்துக்கொள்ளும் உரிமையை ஆதரிப்பதாகவும், இந்தப் பகுதி வல்லரசுப் போட்டிக்குக் களமாகக் கூடாது என்றும் அமெரிக்கா தன் பகுதியில் எழுதியது. எண்டர்பிரைஸ் வங்கக்கடலுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில் எழுதிய வரி அது. வங்கதேசத்தை அமெரிக்கா ஏப்ரல் 4 அன்று அங்கீகரித்தது. சீனம் ஆகஸ்டில் வங்கதேசத்தின் ஐ.நா. நுழைவைத் தன் தடுப்பு வாக்கால் நிறுத்தியது. முஜிப் கொல்லப்பட்ட பிறகு 1975 ஆகஸ்ட் 31 அன்றுதான் அங்கீகாரம் தந்தது.

இந்த விலை தவிர்க்க முடியாததா என்பதைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நண்பனைக் கைவிடுகிற நாடு என்று சீனம் நினைத்துவிடக் கூடாது, பாகிஸ்தானைக் காப்பாற்றாவிட்டால் பீகிங் கதவு அடைபட்டிருக்கும் என்பது கிசிஞ்சரின் தரப்பு. அதில் ஒரு பகுதி தர்க்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜூலைப் பயணத்துக்குப் பிறகு அமெரிக்காவும் சீனமும் பாரிஸ் வழியாக நேரடியாகவே செய்தி பரிமாறத் தொடங்கிவிட்டன. யாஹ்யா என்ற தபால்காரர் அதன் பிறகு தேவைப்படவில்லை. தேவை முடிந்த பிறகும் ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் என்று அவரை நெருக்காமலே விட்டதற்கு அந்தத் தர்க்கம் எனக்குப் போதவில்லை. சீனத்தோடு பேசியது சரி. உலகின் மிகப் பெரிய மக்கள்தொகையை இருபது ஆண்டு ஒதுக்கி வைத்திருந்தது முட்டாள்தனம், அதை முடித்தது நல்ல காரியம். அதைச் செய்வதற்குக் கிழக்கு வங்கத்து மக்களைக் கணக்கிலேயே எடுக்காமல் போனதுதான் குற்றம்.

நெல்லைக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறேன். 1971இல் இறுகிய சோவியத் நட்பு அந்தப் போரோடு முடியவில்லை. அதற்கு முன்பே பிலாய் எஃகு ஆலை, மிக் போர் விமானங்கள், தாஷ்கண்ட் அமைதிப் பேச்சு என்று உறவு இருந்தது. ஆகவே எல்லாவற்றையும் பீகிங் கைகுலுக்கலின் தலையில் ஏற்றுவது பிழை. ஆனால் 1971 அதை இந்திய வெளியுறவின் முதுகெலும்பாக்கியது. 1974 பொக்ரான் அணுச் சோதனைக்குப் பிறகு மேற்கு நாடுகள் அணுத் தொழில்நுட்பத்தை அடைத்துவிட்டபோது, திறந்திருந்த கதவு மாஸ்கோவில் இருந்தது. 1988 நவம்பர் 20 அன்று டெல்லியில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் ராதாபுரம் வட்டத்துக் கூடங்குளத்துக்கு அணுமின் நிலையத்தைக் கொண்டுவந்தது. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது, திட்டம் முடங்கியது, 1998இல் ரஷ்யாவோடு மீண்டும் உயிர்பெற்றது, 2002இல் கட்டுமானம் தொடங்கியது. தலா 1,000 மெகாவாட் கொண்ட உலைகளில் முதலாவது 2013 ஜூலையில் இயங்கத் தொடங்கியது.

மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் வளாகத்துக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினின் நுட்பம் தர 1991இல் மாஸ்கோ ஒப்புக்கொண்டது. அமெரிக்க அழுத்தத்தால் 1993இல் நுட்பம் தருவதிலிருந்து ரஷ்யா பின்வாங்கியது, எஞ்சின்களை மட்டும் கொடுத்தது. நாமே செய்த எஞ்சின் மகேந்திரகிரியில் சோதனைக்கு மேல் சோதனையாகத் தேறி, 2014 ஜனவரி 5 அன்று ராக்கெட்டில் பறந்து வெற்றி கண்டது. வல்லரசுகள் ஒன்றையொன்று பார்த்துக் காய் நகர்த்தியதன் பலன் பணகுடி, வள்ளியூர்ப் பக்கத்து மலையடிவாரம் வரை வந்து நிற்கிறது.

கூடங்குளத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு இடிந்தகரையைச் சொல்லாமல் விட முடியாது. 1988 ஒப்பந்தம் டெல்லியில் கையெழுத்தானபோது, அந்தக் கடற்கரையில் கட்டுமரம் தள்ளியவர்களை யாரும் மேசைக்கு அழைக்கவில்லை. 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தைப் பார்த்துப் பயந்து அவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தபோது, அந்தப் பயத்தை நாட்டுக்கு எதிரான சூழ்ச்சி என்று பேசினவர்கள் உண்டு. உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் நெல்லைக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது, இருக்கட்டும். கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்பதில் இரண்டு கருத்து இருக்க இடமில்லை. 2016 ஆகஸ்ட் 10 அன்று முதல் உலையை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது மோடி, புதின், ஜெயலலிதா மூவரும் காணொளி வழியாகவே கலந்துகொண்டார்கள். கூடங்குளத்தில் வந்து இறங்கிய தலைவர் என்று படமெடுக்க அன்றைக்கு யாரும் இல்லை.

வகுப்பில் பீகிங் படத்தைக் காட்டுகிற ஆசிரியர்கள், அதன் அடியில் 1972 பிப்ரவரி 21 என்று எழுதுவதோடு இன்னும் மூன்று தேதிகளையும் எழுதச் சொல்லலாம்: 1971 மார்ச் 25, ஜூலை 9, ஆகஸ்ட் 9. அந்த மாதங்களின் அமெரிக்க ஆவணங்களில் பெரும்பகுதி இன்று ரகசியமல்ல. ஆர்ச்சர் பிளட்டின் தந்தி, நிக்சன் கைப்பட எழுதிய ஏப்ரல் 28 குறிப்பு, யாஹ்யாவுக்குப் போன நன்றிக் கடிதம் எல்லாவற்றையும் அமெரிக்க வெளியுறவுத் துறையே தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது, காசு கேட்பதில்லை. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் வரலாறு படிக்கிற பிள்ளைகள் அந்த மூன்றை மட்டுமாவது தமிழாக்கி, படத்தோடு சேர்த்து ஒரு சிறு நூலாகக் கொண்டுவந்தால், பள்ளிக்கூடங்களுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்களில் முதல் ஆளாக நான் நிற்பேன்.